இல்லையென்று சொன்ன படம்

தடைக்காலம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த விசைப்படகின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, நீல பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான் பஞ்சநாதன். போன் அடித்தது. கை முழுக்கப் பெயிண்ட். முழங்கையால் திரையை இழுத்துவிட்டு, போனை மணலில் கிடத்தி, காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

“எல்லையம்மாள் வீட்டுக்காரர்தானே? தஞ்சாவூர் ஸ்கேன் சென்டர்லேருந்து டாக்டர் ரிஃப்கா பேசுறேன். மார்ச் மாசம் வந்திருந்தீங்க, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் வரேன்னு போனவங்க வரவே இல்ல. வேற எங்கயாவது எடுத்தீங்களா?”

“மாயவரத்துல எடுத்தோம் மேடம். ஒண்ணும் இல்லன்னு வந்துட்டு.”

நல்ல சேதி சொன்னால் எதிராளி சந்தோஷப்பட வேண்டும் என்பது உலக வழக்கம். அந்த அம்மாள் சந்தோஷப்படவில்லை.

“ஒண்ணும் இல்லன்னா எனக்கும் நிம்மதிதான். ஆனா நான் படத்துல பார்த்ததுக்கு அந்தப் பதில் பொருந்தலீங்க. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசி போட்டாங்களா, இல்ல கையால தடவிப் பார்த்துப் போட்டாங்களா?”

“கையாலதான்.”

“நான் குடுத்த படத்தை அந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

பஞ்சநாதன் படகின் அடிப்பலகையைப் பார்த்தான். ஒரு சொட்டு நீலம் அவன் நெற்றியில் விழுந்தது.

“இஞ்சின் சத்தமா இருக்கு மேடம். அப்பறம் பேசுறேன்.”

இஞ்சின் அக்கக்காகக் கழற்றப்பட்டு இருபதடி தள்ளி ஒரு சாக்கின் மேல் கிடந்தது. அவன் மைத்துனன் மகன் ஜெகன், படகின் டிரைவர், அதற்கு டீசல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். “யாரு மாமா?” என்று கேட்டான். “கம்பெனிக்காரன்” என்றான் பஞ்சநாதன். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்த பொய் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே கிடக்கும் போலிருக்கிறது.

*

தரங்கம்பாடிக்குத் தெற்கே அவர்களுடைய குப்பம். எல்லையம்மாளுக்கு நாற்பத்தேழு வயது. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறித் திருக்கடையூரில் இறங்கி, அங்கிருந்து வரப்பு வழியே உள்ளூர்களுக்குள் நடந்து விற்பவள். இருபது வருஷமாக அதே தெருக்கள், அதே வாசல்கள். எந்த வீட்டில் யாருக்குக் கருவாடு ஆகாது, எந்த மாமியாருக்கு முள் இல்லாத மீன் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மாசி மாதம் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பின் கீழ்ப்பக்கம் ஒரு உருண்டை கையில் நழுவி ஓடியது. பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு புருஷனிடம், விளக்கு அணைத்த பிறகு சொன்னாள்.

ஊருக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இருவரும் தஞ்சாவூர் போனார்கள். மகள் மோகனப்பிரியாவுக்குப் பூம்புகாரில் சம்பந்தம் பேசி முடித்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்த நேரம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒன்பது வாய் அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரையோரமாகவே பூம்புகார் போய்ச் சேர்ந்துவிடும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

ஸ்கேன் சென்டரில் படம் எடுத்து முடித்து, எல்லையம்மாள் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மெஷினோடு ஒரு வாலிபன் இருந்தான். அவனுக்கு முன்னால் தன் படத்தைத் தானே பார்க்க அவளுக்குக் கூசியது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. அதனால் டாக்டர் ரிஃப்கா விளக்குப் பலகையில் படத்தை மாட்டிப் பஞ்சநாதனுக்கு மட்டும் விளக்கிச் சொன்னார்.

“கையில தட்டுப்படுற உருண்டை இது, கீழ இருக்கு. இது சாது. இதனால ஒண்ணும் இல்ல. எனக்கு பயம் இதப் பார்த்துதான்.” பேனா முனை மேலே, அக்குள் பக்கமாகப் போனது. அங்கே வெள்ளையாக ஒரு புள்ளி, நண்டு கால் போட்ட மாதிரி. “இது ஆழத்துல இருக்கு. கைக்குச் சிக்காது. இதுக்குத்தான் ஊசி போடணும். நாளைக்கே வாங்க, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே எடுத்துடலாம்.”

பஞ்சநாதனுக்கு எல்லாம் நன்றாகவே புரிந்தது. இது முக்கியம். படிக்காதவன், புரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் அவனுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

மறுநாளும் தஞ்சாவூர் போனால் ஊர் கேட்கும். மாயவரத்தில் ஒரு டாக்டர் அரைமணி நேரத்தில் எடுத்துவிடுவார் என்று யாரோ சொன்னார்கள். வலைக்கயிறு வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் படம் இருந்த உறை பெரியது, மடங்காதது. அதன் மேல் கொட்டை எழுத்தில் ‘மார்பகப் பரிசோதனை’ என்று அச்சடித்திருந்தது. மாயவரம் பஸ்ஸில் பாதிப் பேர் குப்பத்துக் கூடைக்காரிகள். அவன் அந்த உறையைப் படகுக்கு எடுத்துப்போய், டிரைவர் அறையில் ஜிபிஎஸ் பெட்டிக்குக் கீழே பலகை இடுக்கில் செருகிவிட்டான். மீன் கிடைக்கும் இடத்தின் கணக்கைக்கூடப் பக்கத்துப் படகுக்குக் காட்டாமல் அங்கேதான் எழுதி ஒளித்துவைப்பான். ஒளித்துவைப்பது கடல்காரனுக்குப் பழகிய வேலைதான். எல்லையம்மாள் கேட்டபோது, படத்தை ஆஸ்பத்திரியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றான்.

மாயவரம் டாக்டர் முதலில் படத்தைக் கேட்டார். “எடுத்துட்டு வரல சார்.” டாக்டருக்கு அவசரம், வெளியே இருபது பேர். “சரி, எந்த இடம்னாவது சொன்னாங்களா?” திரைக்கு அந்தப் பக்கம் எல்லையம்மாள் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் ஒரு நர்ஸ் பேனாவோடு நின்றாள். எந்த இடம் என்று வாயால் சொல்ல வேண்டும், அல்லது கையால் காட்ட வேண்டும். பெண்பிள்ளை முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கையால் காட்டலாம் என்றால், பிறத்தியார் நோவைத் தன் உடம்பில் வைத்துக் காட்டக் கூடாது என்பது கரைப் பழக்கம். காட்டினால் நோவு அந்த இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

“அவளுக்கே தெரியும் சார்” என்றான்.

அவளுக்குத் தெரிந்தது கீழே ஓடிய உருண்டைதான். அதைக் காட்டினாள். ஊசி அங்கே போனது.

மருந்துத் தண்ணீரில் சதைத் துணுக்குகள் மிதந்த சின்ன பாட்டிலையும் ஒரு சீட்டையும் கொடுத்து லேப்பில் சேர்க்கச் சொன்னார்கள். எல்லையம்மாளை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுப் பஞ்சநாதன் போனான். லேப் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் ரஞ்சித். குப்பத்து வடக்குத் தெருக்காரன், ஊர்ப் பஞ்சாயத்தார் இளையபெருமாளின் மகன். அவன் அம்மா வாயில் விழுந்த சேதி மதியத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும். பஞ்சநாதன் சீட்டை நாலாக மடித்து, பாட்டிலோடு சேர்த்து உள்ளே தள்ளினான். ரஞ்சித் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, எல்லாரிடமும் கேட்கிற அதே உரத்த குரலில் கேட்டான்.

“ஸ்கேன் படம் எடுத்தீங்களா சித்தப்பா? படம் இருந்தா சேர்த்துக் குடுக்கணும்.”

பின்னால் நாலு பேர் நின்றார்கள்.

“இல்ல” என்றான் பஞ்சநாதன்.

*

அறிக்கை வந்த அன்று மோகனப்பிரியாதான் படித்துச் சொன்னாள். கொழுப்பும் நாரும்தான், புற்று இல்லை. எல்லையம்மாள் வாய்விட்டு அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பஞ்சநாதன் வாசலில் போய் ஒரு பீடி பற்றவைத்தான்.

“கீழ ஒரு வரி இருக்குப்பா. ‘படம் தரப்படவில்லை, படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்’னு. ஞானாம்பாள்னு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

“அது எல்லாச் சீட்டுலயும் போடுறதுதான். மடிச்சு வை.”

வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் இறால் தொக்கு, சங்கராக் குழம்பு. ஜெகனும் சாப்பிட வந்தான். நாகப்பட்டினத்தில் ஒருத்தனுக்குத் திருக்கை முள் குத்திய கதையைச் சொல்லிக்கொண்டே, “இந்த எடத்துல மாமா, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம்” என்று தன் கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினான். எல்லையம்மாள் கரண்டியாலேயே அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“ஒம்மேல வச்சுக் காட்டாதடா. எத்தன தடவ சொல்றது. கடலுக்குப் போற புள்ள.”

“அத்த இருக்கறவரைக்கும் எனக்கு ஒரு நோவும் வராது” என்று ஜெகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பஞ்சநாதன் தலை குனிந்து இறாலை உரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு தடைக்காலம் வந்தது. எல்லையம்மாள் கூடையில் கருவாட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தார்கள். மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. வயலில் வேலை செய்கிறவர்களுக்குக் கருவாடு இருந்தால் பழைய சோறு இரண்டு பிடி கூடவே இறங்கும். கூடையை இறக்கிவைக்கும்போது இடது தோள் கொஞ்சம் இழுக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். வயசாகுதில்ல, என்றான் பஞ்சநாதன்.

*

டாக்டர் ரிஃப்காவின் போன் வந்த அன்று இரவே அவன் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்கப் பூம்புகார்க்காரர்கள் வந்திருந்தார்கள். அதற்கு மறுநாள் படகு தண்ணீரில் இறங்கியது. சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது. டாக்டர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். அந்த எண்ணைப் பார்த்ததும் அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ஒன்பதாம் நாள் கடல் திறந்தது. மேற்கேயிருந்து கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. உச்சிப்பொழுது, பதினெட்டுப் பாகம் ஆழத்தில் எக்கோ திரையில் தரையை ஒட்டிச் சிவப்பாக ஒரு திட்டு. மீன் கூட்டத்தைக் காட்டுகிற பெட்டி அது. ஜெகன் விசில் அடித்தான்.

“சங்கராவாத்தான் இருக்கும் மாமா. அடைச்சுக்கிட்டு நிக்கிது.”

மடிவலையை இறக்கி ஒரு மணி நேரம் இழுத்தார்கள். ஏற்றியபோது ஒன்றுக்கும் உதவாத சொறியும் நாலு கூறு காரல் மீனும் வந்தன. இரண்டு மாதம் காத்திருந்து போட்ட முதல் மடி. படகில் இருந்த நாலு பேருக்கும் முகம் தொங்கிவிட்டது.

“ஒண்ணுமில்ல மாமா” என்றான் ஜெகன். “இங்க மீன் இல்ல. வடக்க போவலாம்.”

பஞ்சநாதனுக்குக் கோபம் வந்தது. தொழிலில் மடத்தனம் பேசினால் அவனுக்குப் பொறுக்காது.

“இல்லன்னு எப்டிடா சொல்லுவ? எக்கோ காட்டுதா இல்லியா?”

“காட்டுதுதான். மடில வரலியே.”

“மடி காலியா வந்தா மீன் இல்லன்னா அர்த்தம்? மீன் நிக்கிற எடத்துல மடி போவலன்னு அர்த்தம். தண்ணி நீவாடு தெக்க இழுக்குது, மடி ஒதுங்கி ஓடிருக்கு. காட்டுன எடமும் மடி போன எடமும் ஒண்ணுதானான்னு ஒத்துப் பாக்காம ஒண்ணுமில்லன்னு சொல்றவன் ஒரு…”

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.

“என்னா மாமா?”

“திருப்பிப் போடுங்கடா” என்றான். குரல் இறங்கிவிட்டது. “வடக்கேருந்து வந்து எறக்கு.”

திருப்பிப் போட்டார்கள். மடி தூக்க முடியாத கனத்தில் வந்தது. மேல்தளம் முழுக்கச் சங்கரா செக்கச்செவேலென்று துள்ளியது. பையன்கள் கூச்சல் போட்டுக் கும்மாளமடித்தார்கள். பஞ்சநாதன் டிரைவர் அறைக்குள் போய்ப் பலகை இடுக்கில் கைவிட்டு உறையை உருவினான். உப்பு ஈரத்தில் ஓரம் ஊதியிருந்தது. ஒரு மூலையில் டீசல். மீனுக்குப் பார்த்த நியாயத்தைப் பொண்டாட்டிக்குப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தான். இல்லை, தெரியாமல் போகவில்லை. அவன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மேலே, அக்குள் பக்கம், அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று மாதமாக அவனுடைய முழங்காலுக்கு நேரே இருந்திருக்கிறது.

*

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லையம்மாள் கொல்லையில் அரிவாள்மனை போட்டுச் சங்கராவைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். முதல் நாள் மீன். உற்சாகமாக இருந்தாள். அவன் உறையைக் கொண்டுவந்து அவள் எதிரில் மணலில் வைத்தான்.

“இது என்னாங்க?”

“தஞ்சாவூர் படம்.”

“ஆஸ்பத்திரியிலயே வாங்கிக்கிட்டாங்கன்னீங்க.”

“படகுல வச்சிருந்தேன்.”

அவள் செதில் சீவுவதை நிறுத்தவில்லை. அவன் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். கீழே இருந்தது சாது என்று டாக்டர் சொன்னது, மேலே இருந்த புள்ளி, பஸ், நர்ஸ், கவுண்டரில் சொன்ன ‘இல்ல’, பெயிண்ட் அடித்த அன்று வந்த போன். சொல்லச் சொல்ல, அரிவாள்மனையில் சத்தம் குறைந்து நின்றது. அவள் எழுந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். மோகனப்பிரியா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அந்தம்மா போன் பண்ணி எத்தன நாளாச்சு?”

“ஒம்போது.”

“ஒம்போது நாளு. நான் ஒம்போது நாளும் கூடையத் தூக்கிக்கிட்டு அலஞ்சேன். தோளு இழுக்குதுன்னேன். வயசாகுதுன்ன நீ.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அவனை ‘நீ’ என்றது அன்றுதான்.

“எல்லை…”

“மாவெளக்கு போட்டனே. ஆத்தா முன்னாடி விழுந்து கும்பிட்டனே. பக்கத்துல நின்னு துந்நூறு பூசிக்கிட்டியே, ஒனக்கு நெத்தி எரியல?”

“வெக்கமா இருந்துச்சு எல்லை. ஊரு, புள்ள கல்யாணம்…”

“யாருக்கு வெக்கம்? வெக்கம் எனக்குல்ல. முன்னப் பின்ன தெரியாதவங்க முன்னாடி மாராப்ப எடுத்துட்டுப் படுத்தது நானு. கூசிக்கிட்டு வெளிய ஓடிவந்தேன்தான், அது என் மேல தப்பு. ஒரு வார்த்த உள்ள வந்து கேட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். ஆனா படுத்தேன்ல? ஒரு கவரத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வர ஒன்னால முடியல.”

அவள் இரைந்து கத்தியிருந்தால் அக்கம்பக்கம் வந்திருக்கும், யாராவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். அவள் மெதுவாகவே பேசினாள்.

மோகனப்பிரியா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்தக் கடைசி வரிய நான் படிச்சேம்மா. படிச்சிட்டு மடிச்சு வச்சிட்டேன்” என்றாள். எல்லையம்மாள் அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். பிறகு அரிவாள்மனையைப் பார்த்து, “அந்த மீன யாராவது எடுத்து உள்ள வைங்க. பூனை வந்துடும்” என்றாள்.

*

மறுநாள் காலை பஸ்ஸில் உறையை எல்லையம்மாள்தான் எடுத்துவந்தாள். பஞ்சநாதன் கேட்டதற்குத் தரவில்லை. எழுத்து மேலே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டாள். கூடைக்காரிகள் நாலு பேர் ஏறினார்கள்.

“என்னக்கா அது, எக்ஸ்ரேயா?”

“மாருல கட்டி. தஞ்சாவூரு போறேன்.”

ஒருத்தி தன் கூடையைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். அதைப் பஞ்சநாதன் பார்த்தான். அவன் பயந்தது ஒன்றும் முழுப்பொய் இல்லை. ஆனால் பின்சீட்டுக்காரி எழுந்து வந்து எல்லையம்மாளை ஒட்டி உட்கார்ந்து, “எங்க ஓர்ப்படியாளுக்கும் எடுத்தாங்கக்கா. ரெண்டு வருசமாச்சு, இப்ப நடவுக்குப் போறா” என்றாள். மாயவரம் வரைக்கும் அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஸ்கேன் சென்டரில் இந்தத் தடவை எல்லையம்மாள் வெளியே ஓடவில்லை. டாக்டர் ரிஃப்கா பழைய படத்தையும் மாயவரம் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரையைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டு நாலு துணுக்கு எடுத்தார். கை துடைத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“லேப் தப்பா சொல்லலம்மா. அவங்களுக்கு வந்த சதையில நோய் இல்ல, அதைத்தான் எழுதினாங்க. நோய் இருக்கிற எடத்துலேருந்து சதை எடுக்கல. படமும் சதையும் பொருந்துதான்னு ஒரு ஆள் சேர்த்து வச்சுப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.” திரையைத் திருப்பிக் காட்டினார். “மார்ச்ல புளியங்கொட்டை அளவு. இப்ப நெல்லிக்காய். அக்குள்ல ஒரு நெறி கட்டியிருக்கு. லேப்புல பேர் சொல்லணும், ஆனா நான் உங்ககிட்ட மறைக்கல. இது அதுதான்.”

எல்லையம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “பொழைப்பனா?”

“வைத்தியம் இருக்கு. பெரிய வைத்தியமா இருக்கும். மார்ச்ல வந்திருந்தா சின்னதா முடிஞ்சிருக்கும்.” டாக்டர் பஞ்சநாதனைப் பார்த்தார். “படத்தை அவங்ககிட்ட காட்டலையா?”

எல்லையம்மாளும் அவனைப் பார்த்தாள். அவனுக்காக அவள் பதில் சொல்லவில்லை.

“காட்டல மேடம். லேப்புல கேட்டாங்க. படமே எடுக்கலன்னு சொல்லிட்டேன்.”

அந்த அம்மாள் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, மாயவரத்தில் டாக்டர் ஞானாம்பாளுக்குப் போன் போட்டார். பழைய சதையை வைத்த கண்ணாடித் தகடுகள் அங்கேதான் இருக்கின்றன, புதுத் துணுக்கையும் படத்தையும் அனுப்புகிறேன், நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடலாம் என்று பேசி முடித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பஞ்சநாதனுக்கு.

மாயவரம் லேப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. கவுண்டரில் ரஞ்சித்தான் இருந்தான். வரிசையில் ஏழெட்டுப் பேர். பஞ்சநாதன் இந்தத் தடவை சீட்டை மடிக்கவில்லை. பாட்டிலை வைத்தான். எல்லையம்மாள் உறையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

ரஞ்சித் அவர்களைப் பார்த்தான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். “படம் எடுத்தீங்களா சித்தப்பா?” இந்தத் தடவை மெதுவாகக் கேட்டான்.

“எடுத்தோம்” என்றான் பஞ்சநாதன். வரிசைக்கே கேட்டது. “அன்னிக்கே எடுத்திருந்தோம். நான்தான் இல்லன்னு பொய் சொன்னேன். நீ நம்ம ஊரு. ஊருக்குத் தெரிஞ்சுடும்னு.”

ரஞ்சித் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

“டாக்டர் சீட்டுலயே ‘இடது மார்பு’ன்னு எழுதியிருந்துச்சே சித்தப்பா. பாட்டில்ல சித்தி பேரு ஒட்டியிருந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“தெரியுமா?”

“இங்க வர்றத வெளிய சொன்னா நான் இந்த நாற்காலில ஒக்கார முடியுமா? எங்கம்மாகிட்டகூட சொல்லல. நீங்க படம் இல்லன்னதும், வசதி இல்லாம எடுக்காம விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். அதுக்கு மேல கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.”

பஞ்சநாதன் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டான். மூன்று மாதமாக அவன் யாரிடமிருந்து ஒளித்தானோ, அந்தப் பையன் முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டு வாயை மூடியிருந்திருக்கிறான். ஒளிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. புளியங்கொட்டை நெல்லிக்காயானது வெறும் வீணுக்குத்தான்.

“படத்துல எந்த எடம்னு எழுதணும் சித்தப்பா. டாக்டரம்மா அதத்தான் முதல்ல கேப்பாங்க.”

அவனுக்கு எந்த இடம் என்று தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பஞ்சநாதன் வலது கையைத் தூக்கி, அத்தனை பேர் பார்க்க, தன் இடது மார்பில், மேலே, அக்குளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தான்.

“இங்க…”

எல்லையம்மாள் பட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“ஒங்க மேல வச்சுக் காட்டாதீங்க” என்றாள். “கடலுக்குப் போறவரு.”

அவன் மார்பில் விரல் பட்ட இடத்தைத் தன் உள்ளங்கையால் ஒரு தரம் துடைத்துவிட்டாள். பிறகு ரஞ்சித்தின் பக்கம் திரும்பி, தலைப்பை ஒதுக்கித் தன் மேல் விரலை வைத்தாள்.

“இங்க தம்பி. எழுதிக்க.”